தண்ணீர் ஊற்றும் முன் ஓர் அலசல்

ஜனவரி 12

கண்ணு,

நல்லா இருக்கியா? நான் நல்லா இல்ல. அதைச் சொல்லத்தான் எழுதறேன்.

போன்ல பேசினா நீ குறுக்கே குறுக்கே பேசுற. "சித்தி, அது அப்படி இல்ல சித்தி"ன்னு ஆரம்பிச்சா நான் என்ன சொல்ல வந்தேன்னு எனக்கே மறந்து போகுது. போன தடவை பாதியிலேயே வச்சிட்ட. லேபுக்குள்ள போன் கூடாது, பொறி பட்டா பத்திக்கும்னு ஒரு சாக்கு வேற. காகிதம் குறுக்கே பேசாது. அதான் எழுதறேன். எனக்கு எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கோ. அஞ்சாவது வரைக்கும் படிச்சவ கை இவ்வளவுதான் வரும்.

விஷயத்துக்கு வரேன். உங்க கம்பெனி இங்க வச்சிருக்கற ரெக்கவரி கொட்டகையை மூடப் போறாங்களாம். என் பிள்ளை, உன் தம்பி, சாப்பிட்டுக்கிட்டே ஊர்ச் சேதி சொல்ற மாதிரி சொல்றான். எதுக்குடா மூடறாங்கன்னு கேட்டா, "அக்கா புது முறை கண்டுபிடிச்சிருக்கு. மருந்து செய்யச் சால்வென்ட்டே வேணாமாம், தண்ணியிலயே ஆகிடுமாம்"ங்கறான். பெருமையா வேற சொல்றான். மூளை இருக்கா இவனுக்கு?

மருந்தைக் கரைக்க ஊத்தற அந்த நாத்தம் புடிச்ச சால்வென்ட்டை மறுபடி காய்ச்சி வடிச்சு எடுக்கறதுதான் அவன் வேலை. ஊத்தறதே இல்லன்னா எதைக் காய்ச்சுவான்? என் தலைமுடியையா? அவங்கப்பா போன பிறகு இந்த வீட்ல சம்பாதிக்கற கை அவன் கை ஒண்ணுதான். அது உனக்குத் தெரியாதா? உங்கம்மா ஷிப்டுக்குப் போனப்பல்லாம் உன்னை இடுப்புல வச்சிக்கிட்டுத் திரிஞ்சவ நான். நீ ஆபீசர் ஆகி மேல இருந்து கத்தரிக்கோலைப் போட்டா, அது என் பிள்ளை தலையிலயா விழணும்?

ஒளிக்காம சொல்லிடறேன். விளக்கேத்தும்போது சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன். "அவளுக்குத் தலைவலி காய்ச்சல் எதுவும் வேணாம், சாமி. அவ நல்லா இருக்கட்டும். அந்த மருந்து மட்டும் திரிஞ்ச பால் மாதிரி திரிஞ்சுடட்டும்." இவ்வளவுதான் கேட்டேன். பேராசை எதுவும் இல்ல.

வேற எத்தனையோ மருந்து இருக்கே. அதுல போய்ப் பண்ணேன் உன் தண்ணி வித்தையை.

உன் சித்தி


ஜனவரி 21

சித்திக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு எதிராகச் சாமியிடம் மனு கொடுத்துவிட்டு அதன் நகலையும் எனக்கே அனுப்பி வைக்கிற ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள்.

ஒரே ஒரு முறை, குறுக்கே பேசாமல் நீங்கள் கேளுங்கள்.

ஒரு கிலோ மருந்து செய்ய இங்கே அறுபது கிலோவுக்கு மேல் சால்வென்ட் ஊற்றுகிறோம். மருந்து மாத்திரையாகிப் போய்விடுகிறது. மிச்சமெல்லாம் அழுக்கான சால்வென்ட். அதில் பாதியைத் தம்பி காய்ச்சி மீட்கிறான். மீதியை லாரியில் ஏற்றி எங்கேயோ எரிக்கிறார்கள். காய்ச்சும்போது கசிவதை அவன் மூச்சில் இழுக்கிறான். உங்கள் தெருமுனையில் வாரத்துக்கு இரண்டு டேங்கர் லாரி திரும்புகிறதே, மோதி முனைச் சுவர்கூட இடிந்ததே, அது சுமந்து போவது இதைத்தான்.

நான் செய்திருப்பது மந்திரமில்லை. தண்ணீரில் கொஞ்சம் சோப்பு மாதிரி ஒரு பொருள் போடுகிறோம். அது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரளும். எண்ணெய் மாதிரியான சரக்கெல்லாம் அந்த உருண்டைக்குள் போய் ஒட்டிக்கொண்டு, அங்கேயே ஒன்றோடொன்று சேர்ந்து மருந்தாகிறது. கண்ணாடிக் குடுவையில் இருபது முறை செய்துவிட்டேன். இருபது முறையும் வெள்ளையாக, மாவு மாதிரி வந்தது. இந்த மாதக் கடைசியில் உங்கள் ஊர்த் தொழிற்சாலையில், துடுப்பு வைத்துக் கலக்கும் பெரிய ரியாக்டர் கலனில் முதல் சோதனை. என்னை வரவேண்டாம், எழுதிக் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ரெக்கவரியை மூடுவதா வேண்டாமா என்பது என் கையில் இல்லை. நான் வேதியியல்காரி. ஆள் போடுவதும் எடுப்பதும் மேலே இருப்பவர்கள் வேலை.

தயவுசெய்து வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 2

கண்ணு,

உன் கையில இல்லையாமே. கத்தி செஞ்சவன் கூட இப்படித்தான் சொல்லுவான். சரி, அந்தச் சண்டை அப்புறம்.

உனக்குச் சேதி வந்திருக்கும். இருந்தாலும் இங்க நடந்ததை இங்க இருக்கறவ சொன்னாத்தான் சரியா இருக்கும்.

சோதனைக்கு ஆள் பத்தலன்னு ரெக்கவரியில இருந்து உன் தம்பியை ரியாக்டருக்கு அனுப்பிட்டாங்க. அவன் முன்னாடி அங்க வேலை பார்த்தவன்தானே. கூட ஒரு பெரியவர், மேஸ்திரி. மேற்பார்வைக்கு அவசரம் சார். அந்த ஆள் பேரே எனக்குத் தெரியாது, எல்லாரும் அவசரம் சார்னுதான் சொல்றாங்க. கக்கூசுக்குப் போனாலும் ஓட்டமா போவாராம்.

நீ எழுதிக் குடுத்தபடியே எல்லாத்தையும் போட்டாங்களாம். முதல்ல பால் மாதிரி வெள்ளையா இருந்துச்சாம். உன் தம்பிக்குச் சந்தோஷம். கொஞ்ச நேரத்துல கலக்கற மோட்டார் முனக ஆரம்பிச்சுதாம். அப்புறம் நின்னே போச்சாம். மூடியைத் திறந்து பார்த்தா, உள்ள மாவும் இல்ல பாலும் இல்ல, வெயில்ல போட்ட வெல்லம் மாதிரி ஒரு உருண்டை, துடுப்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குதாம். ரெண்டு நாள் ஆச்சு சுரண்டி எடுக்க. உன் தம்பி கை ரெண்டும் கொப்புளம்.

அவசரம் சார் சிரிச்சாராம். "குடுவையில வந்தது குண்டான்ல வருமா?"ன்னு கேட்டாராம்.

எனக்கு அன்னிலேருந்து சோறு இறங்கல. நான் கேட்டது லேசாத் திரியட்டும்னுதான். மோட்டாரை நிறுத்துன்னு கேக்கல, என் பிள்ளை கையைக் கொப்புளமாக்குன்னு கேக்கல. இந்தச் சாமிகிட்ட அளவு சொல்லிக் கேக்கலன்னா இப்படித்தான். விளக்கு முன்னாடி நின்னு திட்டிட்டேன். நீயும் என்னைத் திட்டிக்கோ. ஆனா சாப்பிடாம கிடக்காத.

சித்தி


பிப்ரவரி 11

சித்திக்கு,

இது சாமி செய்த வேலை இல்லை. மனிதர் செய்தது.

அந்த உருண்டையில் ஒரு துண்டை இங்கே வரவழைத்துச் சோதித்தேன். அதற்குள் சால்வென்ட் இருக்கிறது. பழைய முறையில் ஊற்றுவோமே, அதே சால்வென்ட். என் முறையில் அது ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. கொஞ்சம் கலந்தாலும் போதும், சோப்பு உருண்டைகள் உடைந்துபோய்ச் சரக்கெல்லாம் பசையாகத் திரண்டுவிடும். அப்படித்தான் ஆகியிருக்கிறது. குடுவையில் வேண்டுமென்றே கலந்து பார்த்தேன். அதே வெல்லம்.

ஆக, யாரோ ஊற்றியிருக்கிறார்கள். தொழிற்சாலை முழுக்க அந்த நாற்றம்தான் என்பதால் யார் மூக்குக்கும் தெரியவில்லை. அன்றைக்கு ரியாக்டரில் கை வைத்தது மேஸ்திரியும் தம்பியும், இரண்டே பேர். மேஸ்திரி இந்த வருடம் ஓய்வு பெறுகிறவர், அவருக்கு இதில் லாபமும் இல்லை நட்டமும் இல்லை.

நீங்கள் சாமியைக் கேட்டீர்கள். தம்பி யாரையும் கேட்கவில்லை போலிருக்கிறது.

அடுத்த வாரம் கூட்டம். இன்னொரு சோதனைக்கு அனுமதி கொடுப்பதா, இந்த வேலையையே மூட்டை கட்டுவதா என்று அங்கேதான் முடிவு செய்வார்கள். முதல் சோதனை ஏன் கெட்டது என்று நான் காரணம் சொல்லியாக வேண்டும். மனதில் இருப்பதைச் சொன்னால் ரெக்கவரி மூடும் வரை தம்பி காத்திருக்க வேண்டியதில்லை, அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். சொல்லாமல் விட்டால் என் நான்கு வருட உழைப்பு சாக்கடையில் போகும், டேங்கர் லாரி உங்கள் தெருவில் திரும்பிக்கொண்டே இருக்கும். நான் என்ன செய்யட்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மகள்


பிப்ரவரி 15

ஏண்டி,

உன் கடிதத்தைப் படிச்சிட்டு அடுப்புல போடத்தான் போனேன். அப்புறம் உன்னைத் திட்டும்போது எதுக்குத் திட்டறேன்னு நானே பார்க்கணுமேன்னு எடுத்து வச்சேன்.

என் பிள்ளை மேலயா பழி போடற? சின்ன வயசுல நீ உடைச்ச பீங்கானுக்கு அவன் அடி வாங்கினான். அப்பவும் அக்காதான் உடைச்சுதுன்னு வாயைத் திறக்கல. அவனா உனக்குக் குழி வெட்டுவான்?

இருந்தாலும் கேட்டேன். கேக்காம இருந்தா எனக்குத் தூக்கம் வராது. ஷிப்டு முடிஞ்சு வந்து செருப்பைக் கூட கழட்டல, வாசல்லயே நிறுத்திக் கேட்டேன்.

"அன்னிக்கு அக்கா மருந்துல சால்வென்ட் ஊத்தினியாடா?"

"மருந்துல எங்க ஊத்தினேன்? ரியாக்டரைத்தான் அலசினேன்."

கதவைப் பிடிச்சிக்கிட்டேன்.

"எதுக்குடா அலசின?"

"எதுக்குன்னா? எப்பவும் அலசறதுதானே. ராத்திரி தண்ணி ஊத்திக் கழுவினாங்க. உள்ள ஈரம் இருக்கும். ஈரம் இருந்தா மருந்து கெட்டுடும். சால்வென்ட்டை ஒரு சுத்து விட்டா ஈரத்தை இழுத்துக்கிட்டு வந்துடும், பாத்திரம் காயும். சேர்ந்த அன்னிக்கே அவசரம் சார் சொல்லிக் குடுத்தது. ஒரு சொட்டுத் தண்ணி இருந்தாலும் கையை வெட்டுவேன்னு சொன்னாரு."

"அக்கா எழுதிக் குடுத்ததுல அலசச் சொல்லியிருந்துதா?"

"அலச வேணாம்னு எழுதலியே. சுத்தமான காய்ஞ்ச பாத்திரம்னு இருந்துச்சு. அதைக் காய வைக்கறது இப்படித்தான். எல்லாருக்கும் தெரியும்."

"சரி. அலசிக் காய வச்ச. அப்புறம் முதல்ல என்னத்தை ஊத்தின?"

"தண்ணி."

"எவ்வளவு?"

"ஐந்நூறு லிட்டர்."

"ஐந்நூறு லிட்டர் தண்ணி ஊத்தப் போற பாத்திரத்துல ஈரம் இருந்தா என்னடா? எதுக்குடா காய வச்ச?"

அவன் என்னையே பார்த்தான். அப்புறம் அங்கயே படியில உக்காந்துட்டான். "அம்மா, அலசின சால்வென்ட் அடியில குழாய் வளைவுல வடியாம நின்னிருக்கும்மா. ஒரு வாளியாவது நின்னிருக்கும்"னான். அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சான் பாரு, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல.

ஆக, யாரும் யாரையும் கெடுக்கல. நீ எழுதும்போது யோசிக்கல, அவன் செய்யும்போது யோசிக்கல, அந்த அவசரம் என்னிக்குமே யோசிச்சதில்ல. மூணு பேரும் மாசம் பொறந்தா சம்பளம் வாங்கறீங்க.

இதை வெளியில சொல்லாத, வாயை மூடிக்கிட்டு இருடான்னு அவன்கிட்ட சொல்லிட்டேன். கேட்டுக்கிட்டான். இப்ப உன்கிட்ட நானே சொல்றேன், அது அவனுக்குத் தெரியாது. ஏன் சொல்றேன்னு எனக்கே தெரியல. சொன்னா உன் மருந்து வந்துடும், அவன் கொட்டகை மூடிடும். சொல்லலன்னா நீ அவனைத் திருடன்னு நினைச்சுக்கிட்டே இருப்ப. வேலை போனா வேற வேலை தேடலாம். அக்கா தம்பி போனா எந்தக் கடையில வாங்கறது?

இனி நீயாச்சு, உன் கூட்டமாச்சு.

சித்தி


மார்ச் 3

சித்திக்கு,

நீங்கள் வாயை மூடச் சொன்ன ஆள் மூடவில்லை.

கூட்டத்துக்கு உங்கள் ஊருக்கு வந்தேன். வீட்டுக்கு வராததற்கு மன்னியுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அறைக்குள் போயிருந்தால் எனக்குப் பேச்சு வந்திருக்காது.

நீள மேசை, மின்விசிறியில் ஒன்று ஓடவில்லை. அவசரம் சார் நிற்கவும் இல்லை உட்காரவும் இல்லை. மேஸ்திரியும் தம்பியும் சுவரோரம் நின்றிருந்தார்கள். நான் எழுந்து, "முதல் சோதனை கெட்டதற்குக் காரணம், நான் எழுதிக் கொடுத்ததில்" என்று ஆரம்பிக்கும்போதே, பின்னாலிருந்து குரல்.

"சார், ரியாக்டரைச் சால்வென்ட்ல அலசினது நான்தான்."

அவசரம் சார் திரும்பினார். "உன்னை யாருய்யா கேட்டா?"

"யாரும் கேக்கல சார். அதான் சொல்றேன்."

"ஏன் அலசின?"

"நீங்க சொல்லிக் குடுத்தது சார். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் கையை வெட்டுவேன்னீங்க."

"நான் அதைப் பழைய முறைக்குச் சொன்னேன்யா."

"பழசுக்கு மட்டும்னு சொல்லலியே சார்."

தொழிற்சாலை மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "தண்ணீர் ஊற்றுவதற்காகப் பாத்திரத்தை உலர்த்தினீர்களா?" மேஸ்திரி, "பதினெட்டு வருஷமா உலர்த்தறோங்க" என்றார்.

பிறகு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். சுத்தமான, உலர்ந்த பாத்திரம் என்று எழுதியது நான். பழைய முறையிலிருந்து அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டேன். குடுவையைத் தண்ணீரில் கழுவி ஈரத்தோடு வைத்தவள் நான், எழுதும்போது மட்டும் உலர்ந்த என்று எழுதியிருக்கிறேன். தம்பி அதன்படிதான் செய்தான். அவன் மேல் சந்தேகப்பட்டதை அவனிடம் தனியாகச் சொன்னேன். "தெரியும்க்கா, அம்மா மூஞ்சியே சொல்லிச்சு" என்றான். நீங்கள் எதையும் மறைத்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது சோதனை முடிந்துவிட்டது. ஈரப் பாத்திரம்தான். மாவு மாதிரி வந்தது. அவசரம் சார் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு நடந்துபோனார். ஓடவில்லை, நடந்தார்.

இப்போது நீங்கள் பயந்தது. ரெக்கவரியை முழுதாக மூடவில்லை. மூன்று ஷிப்டை ஒன்றாக்குகிறார்கள். அந்த ஒன்றில் வயதில் மூத்தவர்களுக்குத்தான் இடம். தம்பிக்கு இல்லை.

என் கையில் இல்லை என்று ஜனவரியில் எழுதினேன். அப்படிச் சொல்லிவிட்டு ஒதுங்க இனி என்னால் முடியவில்லை. மேலே இருப்பவர்கள் அறைக்கு நாலு முறை போனேன், மூன்று முறை வெளியே உட்கார வைத்தார்கள். இங்கே என் லேபுக்குப் பக்கத்தில் சின்ன ரியாக்டர்கள் வைத்த சோதனைக் கூடம் இருக்கிறது. நான் எழுதுவதை முதலில் செய்து பார்த்து, எங்கே கை பழைய வழியில் போகும் என்று எனக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றேன். தம்பியைக் கேட்டேன். கொடுத்துவிட்டார்கள். நிரந்தர வேலை. ஆனால் இங்கே, இந்த ஊரில்.

நீங்களும் வந்துவிடுங்கள். இரண்டு அறை வீடு பார்க்கிறேன்.

உங்கள் மகள்


மார்ச் 14

கண்ணு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆச்சு. பதில் எழுத உக்காந்தா உன்னைத் திட்டத்தான் வருது, அதான் தள்ளிப் போட்டேன். இன்னும் அப்படித்தான் வருது. சரி, வரட்டும்.

பிள்ளைக்கு வேலை வேணும்னு கேட்டேன். நீ வேலையைக் குடுத்துட்டுப் பிள்ளையை எடுத்துக்கிட்ட. உங்க லேப்ல கணக்கெல்லாம் இப்படித்தான் போடுவீங்களா?

அவன்கிட்ட "போறியாடா"ன்னேன்.

"நீ என்ன சொல்ற?"ன்னான்.

"நான் சொன்னா என்னிக்குக் கேட்டிருக்க? வாயை மூடுன்னேன், ஊரே கேக்கத் திறந்த."

"அதுக்குக் கோவமா?"

"கோவம் இல்ல. கூட்டத்துல சட்டை என்ன போட்டிருந்த?"

"காலர் கிழிஞ்சது."

"அதுக்குத்தான்டா கோவம்"னு சொன்னேன். அப்பவும் சிரிக்கறான். அவங்கப்பாவும் இப்படித்தான், திட்டினா சிரிப்பாரு. அப்புறம் எப்படித் திட்டறது?

நான் வரல. ரெண்டு அறை, மூணு அறைன்னு ஆசை காட்டாத. இந்த வீடு, இந்தக் கோவில், பக்கத்து வீட்டுக்காரியோட தினம் ஒரு சண்டை, எனக்கு அது போதும். உங்க ரெண்டு பேர் நடுவுல நான் வந்து உக்காந்தா மூணு பேருக்கும் பைத்தியம் பிடிக்கும். அப்புறமா ஒரு நாள் வரேன். வந்தா போகச் சொல்லாத.

சில விஷயம் சொல்றேன், குறுக்கே பேசாம கேளு. அவன் தங்கற இடத்துல ஜன்னல் இருக்கான்னு நீயே போய்ப் பாரு, அவன்கிட்ட கேட்டா இல்லாட்டியும் இருக்குன்னுதான் சொல்லுவான். உடம்புக்கு முடியலன்னா சொல்ல மாட்டான், சாப்பாட்டுல உப்பு அதிகம்னு சொல்லுவான், அதை வச்சிக் கண்டுபிடிக்கணும். தப்பு பண்ணினா நாலு பேர் முன்னாடி திட்டாத. தனியாக் கூப்பிட்டுத் திட்டு. நல்லாத் திட்டு.

டேங்கர் இப்ப வாரத்துக்கு ஒண்ணுதான் வருது. அந்தச் சுவரை யாரும் இன்னும் கட்டல.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ல ஏத்தி விடறேன். துணி ரெண்டு பை, மீதி அப்புறம் அனுப்பறேன். ஸ்டேண்டுக்கு நீயே வா, ஆள் அனுப்பாத.

திங்கக்கிழமை காலையில நான் எத்தனை மணிக்கு எந்திரிக்கறதுன்னு மட்டும் யோசிச்சு எழுது. இத்தனை வருஷமா அவன் ஷிப்டுக்குத்தான் எந்திரிச்சிட்டிருந்தேன்.

சித்தி